தோட்டத்து மண்ணுக்கு இலகுவான முழு சஸ்பென்ஷன் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலை வாசலில் குழாயைப் போட்டு சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தால், மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இரண்டு மோட்டாராவது ஓரம் கட்டும். "அண்ணே, எத்தனை வெள்ளி?" என்பது முதல் கேள்வி. விலையைச் சொன்னதும், "இந்தக் காசுக்கு எஞ்சின் வைத்ததே வாங்கலாமே" என்று ஒரு சிரிப்பு. பாதிப் பேர் அதோடு கிளம்பிவிடுவார்கள். மீதிப் பேர் சிரித்து முடித்தும் போகாமல், குனிந்து பின் ஷாக்கை விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் பத்துப் பதினைந்து கேள்விக்குள் அடங்கிவிடும். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். நான் கடைக்காரன் இல்லை. செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் ஃபிட்டர். எட்டு வருடமாகத் தோட்டப் பாதைகளில் ஓட்டுகிறேன், கூட ஓட்டுகிறவர்களின் வண்டிகளையும் பிரித்துப் பூட்டுகிறேன்.

தோட்டத்து ரோட்டில் ஓட்ட முழு சஸ்பென்ஷன் எதற்கு?

முழு சஸ்பென்ஷன் என்றால் முன்னால் ஃபோர்க், பின்னால் ஷாக் என்று இரண்டு பக்கமும் அமுங்கும் மலைச்சைக்கிள். ரோட்டில் மட்டும் ஓட்டுவதென்றால் வேண்டவே வேண்டாம். குலை ஏற்றும் லோரி போகிற செம்மண் ரோட்டுக்கு, முன்னால் மட்டும் அமுங்கும் ஃபோர்க் உள்ள ஹார்ட்டெயில் தாராளம். அதே விலையில் ஹார்ட்டெயில் ஒன்றரை, இரண்டு கிலோ குறைவாகவும் இருக்கும், பராமரிப்பும் பாதிதான்.

ரோட்டை விட்டு இறங்கினால்தான் கதை மாறும். பழைய கித்தா (ரப்பர்) காட்டு மேட்டில் படிப்படியாக வெட்டிய தட்டுகள் இருக்கும். ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை முழுக்க வேர். செம்பனை நிரைக்குள் போனால் மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்த குழிகள், வாய்க்கால் மேல் போட்ட பலகை, பாதி மக்கிய மட்டை. இங்கெல்லாம் ஹார்ட்டெயிலின் பின் சக்கரம் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்கு மண்ணில் பிடி கிடையாது. ஏற்றத்தில் சுற்றும், இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வழுக்கும். பின் ஷாக் இடுப்பைக் காப்பாற்றத்தான் என்று நினைக்கிறவர்கள் அதிகம். இடுப்புக்கும் நல்லதுதான், ஆனால் அதன் தலையாய வேலை சக்கரத்தைத் தரையை விட்டு எழாமல் பார்த்துக்கொள்வது. ஏற்றத்தில் முழு சஸ்பென்ஷன் இழுக்கும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: 2016 ரியோ ஒலிம்பிக்கில் சுவிட்சர்லாந்தின் நினோ ஷுர்டர் தங்கம் வென்றது முழு சஸ்பென்ஷன் வண்டியில்தான்.

எக்ஸ்சி, டிரெயில், எண்டுரோ என்கிறார்களே, எனக்கு எது?

சக்கரம் மேலும் கீழும் எவ்வளவு தூரம் நகரும் என்பதுதான் டிராவல். அதை வைத்துத்தான் இந்தப் பெயர்கள். 100 முதல் 120 மி.மீ. வரை எக்ஸ்சி, அதாவது கிராஸ் கன்ட்ரி. 120 முதல் 150 வரை டிரெயில். 150-ஐத் தாண்டினால் எண்டுரோ, 200 பக்கம் போனால் டவுன்ஹில். எக்ஸ்சிக்கும் டிரெயிலுக்கும் நடுவில் நிற்கிற 120 மி.மீ. வண்டிகளுக்கு இப்போது டவுன்கன்ட்ரி என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். கோடுகள் கெட்டியானவை இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

நம் பக்கம் நிற்கிற சுண்ணாம்புக் குன்றுகள் பார்க்கத்தான் அழகு, சைக்கிள் ஏறாது. நாம் ஓட்டும் மேடுகள் குட்டையானவை, ஆனால் மூச்சு வாங்க விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏறுவதுதான் அதிகம், இறக்கம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால் பின்னால் 120 அல்லது 130, முன்னால் 130 அல்லது 140 போதும் என்பது என் கணக்கு. கூட ஓட்டும் தம்பி ஒருவன் வீடியோ பார்த்து 170 மி.மீ. எண்டுரோ வாங்கினான். பதினாறு கிலோ. இறக்கத்தில் ராஜா மாதிரி வருவான். அடுத்த மேட்டில் நாங்கள் தண்ணீர் குடித்து, ஒரு வாழைப்பழம் தின்று, தோலைப் போட இடம் தேடும்போது வந்து சேருவான்.

இலகு என்றால் எத்தனை கிலோ?

அலுமினிய ஃபிரேம் டிரெயில் வண்டி பெரும்பாலும் 14 முதல் 15.5 கிலோ. கார்பன் ஃபிரேமோடு நடுத்தரச் சாமான் போட்டது 12.5, 13.5 அளவில் வரும். 12-க்குக் கீழே போனால் ஒவ்வொரு நூறு கிராமுக்கும் காசு கரையும். கம்பெனி போடும் எடையில் பெரும்பாலும் பெடல் சேராது என்பதையும் பாருங்கள். பெடல் ஒரு சோடி 350, 400 கிராம் வரும்.

நான் ஒரு சோதனை செய்தேன். பழைய இரும்புக் கடை முதலாளியான தவுக்கேயிடம் தொங்கு தராசு இருக்கிறது. கழுவித் துடைத்த என் வண்டியை அதில் மாட்டினேன்: 13.9. மறுநாள் மழை விட்ட பிறகு ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டு, கழுவாமல் அப்படியே கொண்டுபோய் மாட்டினேன்: 15.4. தவுக்கே தராசைத் தட்டிப் பார்த்தார், முள் நகரவில்லை. சங்கிலித் தண்டுக்கும் பின் டயருக்கும் நடுவில் செம்மண் களிமண் மாதிரி அப்பியிருந்தது. உதிர்ந்தது உதிர்ந்ததுபோக மிச்சம் ஒன்றரைக் கிலோ. கார்பன் ஃபிரேம் வாங்கியிருந்தால் நான் குறைத்திருக்கக்கூடிய எடையைவிட அது அதிகம்.

அதனால் கடையில் வண்டியைத் தூக்கிப் பார்க்கும் முன் பின் டயர் பக்கம் குனியுங்கள். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையாத வண்டி, எத்தனை இலகுவாக இருந்தாலும், நம் மண்ணில் கனத்துவிடும்.

சரி, எடையைக் குறைக்க எங்கே காசு போடுவது?

சக்கரத்தில். ஒவ்வொரு தடவை வேகம் எடுக்கும்போதும் சுற்றுகிற எடையை முன்னால் தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். நம் பாதையில் வளைவுக்கு வளைவு வேகம் குறைந்து மறுபடி மிதிப்பதால் அந்த வித்தியாசம் காலுக்கு உடனே தெரியும். மலிவு வண்டியோடு வரும் சக்கரச் சோடி இரண்டே கால் கிலோவைத் தொடும். நல்ல அலுமினியச் சோடி 1.8 கிலோவில் கிடைக்கும். டியூபை எடுத்துவிட்டு டியூப்லெஸ் ஆக்கினால் சக்கரத்துக்கு நூறு கிராம் பக்கம் மிச்சம், பஞ்சரும் குறையும்.

அடுத்தது கேசட், அதாவது பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு. ஷிமானோ டியோரே 12 கியர் கேசட் கிட்டத்தட்ட 600 கிராம். அதே பல் எண்ணிக்கையில் அதே கம்பெனியின் உயர்ந்த ரகமான எக்ஸ்டி 470. டியோரே தேய்ந்து மாற்றும் நாள் வரும்போது எக்ஸ்டி போட்டுக்கொள்ளலாம், அவசரம் இல்லை. டைட்டானியம் போல்ட், கார்பன் பாட்டில் கூடு எல்லாம் அழகுக்கு. ஓட்டும்போதே சீட்டை இறக்க விடும் டிராப்பர் சீட்போஸ்ட் முந்நூறு, நானூறு கிராம் கூடுதல்தான். அதைக் கழற்றி எடை குறைக்கிறேன் என்று மட்டும் போகாதீர்கள். வேர் நிறைந்த இறக்கத்தில் சீட் கீழே போனால்தான் உடம்பைப் பின்னால் தள்ள முடியும்.

கார்பனா, அலுமினியமா?

ஒரே மாடலில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு கிலோ. கார்பன் துருப்பிடிக்காது, வெயிலில் உருகாது, காரணமில்லாமல் பட்டென்று முறிந்துவிடாது. வாட்சப்பில் வரும் படங்களை நம்பவேண்டாம். ஆனால் கல்லில் மோதி உள்ளே விரிசல் விட்டால் வெளியே தெரியாமல் போகலாம், சரிபார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க மாட்டார். அலுமினியம் நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். முதல் முழு சஸ்பென்ஷன் என்றால் அலுமினியம் வாங்கி, மிச்சக் காசில் நல்ல ஃபோர்க்கும் சக்கரமும் உள்ள மாடலுக்குப் போங்கள். கார்பன் ஃபிரேமில் மட்டமான ஃபோர்க் மாட்டி விற்பதுண்டு. விளம்பரத்தில் 'கார்பன்' என்ற சொல்தான் பெரிசாகத் தெரியும்.

டயரில் முள் குத்தாமல் இருக்க என்ன செய்வது?

குத்தாமல் இருக்கவே இருக்காது. செம்பனை மட்டையின் அடிப்பக்கத்தில் இரண்டு ஓரமும் ரம்பம் மாதிரி முள். காய்ந்த பிறகு ஆணி. வெட்டிய மட்டையை நிரை விட்டு நிரை குவித்து வைப்பார்கள். சிதறினது நம் பாதையில் கிடக்கும். டியூப் போட்ட வண்டியில் ஒரே காலையில் மூன்று பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். டியூப்லெஸ் மாற்றிய பிறகு, வீட்டுக்கு வந்து கழுவும்போதுதான் முள் கண்ணில் படும். கருப்பு டயரில் வெள்ளையாக ஒரு பொட்டு, நடுவில் ஒடிந்த முள் நுனி. அதை அப்படியே பிடுங்கவேண்டாம், பிடுங்கினால் சீறும். சக்கரத்தைச் சுழற்றிப் பொட்டு கீழே வரும்படி நிறுத்திவிட்டுப் பிடுங்கினால் டயருக்குள் ஊற்றியிருக்கும் சீலன்ட் திரவம் ஓடிவந்து அடைத்துக்கொள்ளும்.

இந்த சீலன்ட் சமாசாரம் நமக்குப் புதிது இல்லை. என் அப்பா கித்தாப் பால் வெட்டியவர். முதன்முறை நான் பாட்டிலைத் திறந்தபோது திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்து, "பால் கொட்டாய் வாசம் அடிக்குதே" என்றார். சரியாகத்தான் சொன்னார். பல சீலன்டில் இருப்பது கித்தாப் பால்தான். வாளியில் பால் உறையாமலிருக்க அம்மோனியா விடுவார்கள் அல்லவா, சில சீலன்டிலும் அதே அம்மோனியா. காற்றோடு பீறிட்டு வெளியே வரும்போது உறைந்து ஓட்டையை அடைக்கிறது. அப்பாவுக்கு அன்றிலிருந்து சைக்கிள் மேல் கொஞ்சம் மரியாதை.

29 அங்குல டயருக்கு 100 மில்லி ஊற்றுங்கள். நம் வெப்பத்தில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து தகடாகிவிடும். சக்கரத்தைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். தளும்பும் சத்தம் இல்லையென்றால் ஊற்றும் நேரம் வந்துவிட்டது. டயர் அகலம் முன்னால் 2.4, பின்னால் 2.3 அங்குலம். முன் டயரில் ரப்பர்க் கட்டைகள் தள்ளித் தள்ளி இருக்கட்டும், நெருக்கமாக இருந்தால் செம்மண் நிரம்பி டோனட் ஆகிவிடும். காற்று: 70 கிலோ ஆளுக்கு முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. பக்கம் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். மோட்டார் கடையில் 40 அடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு சஸ்பென்ஷன் எதற்கு என்றே எனக்குப் புரிவதில்லை. மெல்லிய எக்ஸ்சி டயர் போட்டு இருநூறு கிராம் குறைப்பதும் வேண்டாம், பக்கச் சுவரை மட்டை முள் கிழித்தால் சீலன்டால் ஒன்றும் செய்ய முடியாது.

சக்கரம் 29-ஆ, 27.5-ஆ? எனக்கு எந்த சைஸ்?

29 வாங்குங்கள். வேரையும் குழியையும் உருண்டு தாண்டுவதில் அதற்கு ஈடில்லை, டயரும் சுலபமாகக் கிடைக்கிறது. ஐந்தடி மூன்று அங்குலத்துக்குக் கீழே இருப்பவர்கள் 27.5-ஐயும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம்.

சைஸ் விஷயத்தில் எஸ், எம், எல் என்ற எழுத்தை நம்பாமல் ஜியோமெட்ரி அட்டவணையில் 'ரீச்' என்ற எண்ணைப் பாருங்கள். பெடலில் எழுந்து நிற்கும்போது கைப்பிடி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை அதுதான் சொல்லும். ஐந்தரை அடி ஆளுக்கு 430 முதல் 455 மி.மீ. வரை சரியாக இருக்கும். ஃபோர்க் சாயும் கோணம், அதாவது ஹெட் ஆங்கிள், 65.5 முதல் 67 டிகிரிக்குள் இருந்தால் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பொது. எண் குறையக் குறைய இறக்கத்தில் நிலையாக நிற்கும், மெதுவான வளைவில் முன் சக்கரம் அலையும். சீட் தண்டு சாயும் கோணம், அதாவது சீட் டியூப் ஆங்கிள், 75 டிகிரிக்கு மேல் இருந்தால் செங்குத்தான மேட்டில் முன் சக்கரம் தூக்காது. பத்து வருடத்துக்கு முந்தைய வண்டிகள் இந்த இடத்தில்தான் அடி வாங்கும்.

சேக் என்கிறார்களே, அது என்ன?

நீங்கள் ஏறி உட்கார்ந்ததுமே சஸ்பென்ஷன் கொஞ்சம் அமுங்கும். அதுதான் சேக். அமுங்காவிட்டால் குழியில் சக்கரம் கீழே இறங்க இடமே இருக்காது.

நாமே வைத்துக்கொள்ளலாம். பின் ஷாக்கின் பளபளக்கும் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். ஓட்டும் உடுப்பு, ஷூ, தண்ணீர்ப் பை எல்லாம் மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி ஏறுங்கள். வளையத்தை ஷாக் உடம்போடு ஒட்டித் தள்ளிவிட்டு, ஆடாமல் உட்கார்ந்து, ஆடாமல் இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரத்தை ஸ்கேலால் அளக்கவேண்டும். ஷாக்கில் 210க்கு 50 என்று எழுதியிருந்தால் தண்டு நகரும் முழுத் தூரம் 50 மி.மீ. அதில் 28, 30 சதவீதம், அதாவது 14, 15 மி.மீ. நகர்ந்திருந்தால் சரி. கூடுதலாக நகர்ந்தால் ஷாக் பம்பால் காற்றை ஏற்றுங்கள், குறைவாக இருந்தால் இறக்குங்கள். ஃபோர்க்குக்கு 20 சதவீதம் போதும்; 130 மி.மீ. ஃபோர்க்கில் 26. ஷாக் பம்ப் இல்லாமல் முழு சஸ்பென்ஷன் வாங்குவது அடுப்பு இல்லாமல் அரிசி வாங்குவது மாதிரி. வண்டி வாங்கும் அன்றே கேட்டு வாங்குங்கள்.

பின் சக்கரத்தை ஃபிரேமோடு இணைத்து ஆட விடும் மூட்டுகளைப் பிவட் என்பார்கள். அந்தப் பின்பக்க அமைப்பில் சிங்கிள் பிவட், ஹார்ஸ்ட் லிங்க், டிடபிள்யூ லிங்க் என்று பல வகை. மிதிக்கும்போது ஆடுவதும் பிரேக் பிடிக்கும்போது விறைப்பதும் வகைக்கு வகை மாறும் என்பது உண்மை. ஆனால் சேக் சரியாக வைக்காத உயர்ந்த லிங்கைவிடச் சரியாக வைத்த சாதா லிங்க் நன்றாக ஓடும். இதில் மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அண்ணே, நான் 50 கிலோதான். கடையில் இருக்கிற செட்டிங் எனக்குக் கல் மாதிரி இருக்கிறதே?

இருக்கும்தான் தங்கச்சி. பெரும்பாலான ஷாக்கை 70, 80 கிலோ ஆளை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள். உனக்கு ஸ்பிரிங் காற்று குறைவாக இருக்க வேண்டும். காற்று குறைந்தால் ஷாக் திரும்பி வரும் வேகமும் குறையும், அதனால் சிவப்புத் திருகை, அதாவது ரீபவுண்டை, முயல் படம் போட்ட பக்கம் சில கிளிக் திருப்ப வேண்டும். ஃபோர்க்கின் காற்று அறைக்குள் இடத்தை அடைக்கும் பிளாஸ்டிக் டோக்கன் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிடலாம். இன்னொன்றும் உண்டு. மற்றவர்களைவிட உனக்குத்தான் இலகுவான வண்டி உண்மையிலேயே முக்கியம். 15 கிலோ வண்டி எண்பது கிலோ ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, உனக்கு அது உடம்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. வாய்க்கால் தாண்ட வண்டியைத் தோளில் போடும்போது அந்தக் கணக்கு புரியும்.

கியரும் பிரேக்கும்?

முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பன்னிரண்டு. 32 பல் முன்னால், 10-51 பின்னால் இருந்தால் தோட்டத்து மேடு எதுவும் ஏறலாம். டியோரேவுக்கு மேலே வேண்டியதில்லை. வாங்கும் முன் ஹப்பில் கேசட் மாட்டும் தண்டு ஷிமானோவின் மைக்ரோ ஸ்பிளைனா, ஸ்ராமின் எக்ஸ்டியா (XD; மேலே சொன்ன ஷிமானோ XT இல்லை), பழைய எச்ஜியா என்று கேளுங்கள். பிறகு கேசட் மாற்றும்போது தெரியாமல் வேறு வகை வாங்கி வந்து நிற்கிறவர்களில் நானும் ஒருவன்.

பிரேக் ஹைட்ராலிக், ரோட்டர் என்கிற பிரேக் தட்டு இரண்டு பக்கமும் 180 மி.மீ. ஷிமானோவில் மினரல் எண்ணெய். டாட் திரவம் போடும் பிரேக்குகள் நன்றாகப் பிடிக்கும், ஆனால் டாட் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். நம் ஊரில் காற்றே பாதி தண்ணீர் என்பதால் திரவத்தை வருடா வருடம் மாற்றிவிடுங்கள். மழை மண்ணில் ரெசின் பேட் சோப்பு மாதிரி கரையும். உலோகப் பேட் நீடித்து உழைக்கும், ஆனால் மலிவு ரோட்டர் சிலவற்றில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொறித்திருப்பார்கள். அதில் உலோகப் பேட் போட்டால் ரோட்டர் தேய்ந்துபோகும்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம், என்னுடையதே பழையதுதான். ஆனால் முழு சஸ்பென்ஷனில் பழையது வாங்குவது ஹார்ட்டெயில் மாதிரி இல்லை. கெட்டுப்போக இடம் அதிகம்.

முதலில் சீட்டைப் பிடித்து வண்டியை மெல்லத் தூக்கி இறக்குங்கள். பின் சக்கரம் தரையை விட்டு எழும் முன் 'டக்' என்று ஒரு சின்ன ஆட்டம் கையில் தெரிந்தால் பிவட் பேரிங்கோ ஷாக் புஷ்ஷோ போய்விட்டது. பேரிங் பெரிய விஷயம் இல்லை. 6900, 6902 மாதிரி எண்கள்தான், ஈப்போவில் பேரிங் கடையிலேயே கிடைக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி இருப்பதாகப் பாருங்கள். பிவட் முழுச் சுற்று சுற்றாது, சில டிகிரிதான் ஆடும். அதனால் குண்டு நெருக்கமாக நிறைந்த வகை கிடைத்தால் அதுதான் நல்லது. என் வண்டியை விற்றவர் அதற்கு முந்தின வாரம்தான் எல்லாம் மாற்றியதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து பிரித்தால் கீழ் பிவட்டின் போல்ட் துருவில் உறைந்து, பேரிங் இருந்த இடத்தில் காபித்தூள் மாதிரி ஏதோ கொட்டியது. ஆலையில் பழகின கை என்பதால் சூடு காட்டிக் கழற்றினேன். அந்த மனுஷரைத் திட்டவில்லை. தூக்கிப் பார்க்காமல் காசு கொடுத்தது நான்தானே.

அடுத்து ஷாக் தண்டையும் ஃபோர்க் கால்களையும் நகத்தால் மேலிருந்து கீழே தடவுங்கள். நகம் தட்டினால் கீறல். கீறல் சீலை அறுக்கும், எண்ணெய் கசியும். தங்க நிறம் மங்கி வெள்ளையாகத் தேய்ந்திருந்தால் அந்த ஃபோர்க்கை விட்டுவிடுங்கள், கால்களை மாற்றும் செலவுக்கு வேறு ஃபோர்க்கே வாங்கிவிடலாம். கீழ்த்தண்டின் அடிப்பக்கம், பெடல் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, வெல்டிங் ஓரங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். பின் ஆக்ஸில் 148 மி.மீ. பூஸ்ட் இல்லையென்றால் புதுச் சக்கரம் கிடைக்கத் திண்டாடுவீர்கள். 26 அங்குல வண்டி எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பாட்டம் பிராக்கெட் மரை வகையாக இருந்தால் நிம்மதி. அமுக்கிப் பொருத்தும் வகை மழை மண்ணில் கிரீச்சிடத் தொடங்கினால் நிறுத்துவது பெரும்பாடு.

பழைய வண்டியின் விலையோடு ஃபோர்க், ஷாக் சர்வீஸ் செலவையும் கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள். எப்போது சர்வீஸ் செய்தது என்று கேட்டால் பெரும்பாலும் வானத்தைத்தான் பார்ப்பார்கள்.

எந்த பிராண்ட்?

இந்தக் கேள்விக்குச் சண்டையே நடக்கும். இந்தோனேசியாவின் பாலிகன், தைவானின் ஜயன்ட், மெரிடா மூன்றும் நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கும். ஜயன்ட்டும் மெரிடாவும் ஒரே வருடம், 1972-இல், தொடங்கியவை. பெயர் தெரிந்த பல அமெரிக்க, ஐரோப்பிய பிராண்டுகளுக்கும் தைவானில்தான் ஃபிரேம் செய்கிறார்கள். பாலிகன் சிஸ்கியு, ஜயன்ட் டிரான்ஸ், மெரிடா ஒன்-ட்வென்டி இவை மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்வேன். காசு தாராளம் என்றால் டிரெக் டாப் ஃபியூயல், சாண்டா குரூஸ் டால்பாய் மாதிரி 120 மி.மீ. வண்டிகள் நம் பாதைக்கென்றே செய்தது போல இருக்கும்.

எதை வாங்கினாலும் கியர் மாற்றும் டிரெய்லியர் தொங்கும் ஹேங்கர் யுடிஎச் வகையா என்று கேளுங்கள். மட்டைக் குவியலில் உரசி ஹேங்கர் வளைவது இங்கே மாதாந்திரச் சடங்கு. அந்த வகை என்றால் எந்த பிராண்டுக்கும் ஒரே ஹேங்கர்தான். கடையில் வாங்கி ஒன்றைப் பையில் போட்டு வைக்கலாம். மற்றவற்றுக்கு அந்த மாடலுக்கே உரியதைத் தேடி அலைய வேண்டும். நேரில் பார்க்காமல் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் வண்டி மலிவுதான். ஷாக் சீல் போனால் எங்கே கொண்டு போவது என்பதை முன்பே யோசித்து வையுங்கள்.

மின்சார சைக்கிள்?

பெரும்பாலும் இருபது கிலோவுக்கு மேல். இலகு என்று தேடி வந்தவருக்கு அது வேறு கடை.

ஜெட் அடித்துக் கழுவலாமா? எத்தனை நாளுக்கு ஒருமுறை சர்வீஸ்?

கார் கழுவும் கடையில் ஜெட் அடிக்காதீர்கள். அந்த வேகம் பேரிங்கின் ரப்பர் மூடியைத் தாண்டித் தண்ணீரை உள்ளே தள்ளும், கிரீஸ் வெளியே வரும், மூன்று மாதத்தில் காபித்தூள்தான். சாதாரணக் குழாய், மென்மையான பிரஷ், பாத்திரம் கழுவும் சோப்பு போதும். காய்வதற்குள் கழுவ வேண்டும். காய்ந்த செம்மண்ணைத் துணியால் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். ஷாக் தண்டை மட்டும் சுத்தமான துணியால் துடைத்து, ஒருதரம் அமுக்கி, சீல் ஓரத்தில் வரும் கருப்புக் கோட்டையும் துடையுங்கள். சங்கிலியில் எண்ணெய் விட்டு ஐந்து நிமிடம் கழித்து வெளிப்பக்க எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் மண்ணை அதுவே கூப்பிட்டு உட்கார வைக்கும்.

ஃபோர்க்கின் கீழ்க்கால் எண்ணெயை 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது ஃபோர்க் செய்யும் ராக்ஷாக்ஸ் கம்பெனி. வாரம் மூன்று மணி நேரம் ஓட்டினால் நான்கு மாதம். இதை வீட்டிலேயே செய்யலாம், கஷ்டமில்லை. உள்ளே ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பரை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எங்கே ஓட்டுவது? தோட்டத்துக்குள் விடுவார்களா?

பழகிக்கொள்ள ஒருமுறை கோலாலம்பூர் போய் புக்கிட் கியாராவில் ஓட்டிப் பாருங்கள். நாட்டில் பேர்பெற்ற ஒற்றையடிப் பாதைகள் அங்கே இருக்கின்றன. அதுவும் ஒரு காலத்தில் கித்தாத் தோட்டம்தான். அங்கே வேலை செய்த நம் குடும்பங்களை 1980களின் தொடக்கத்தில் பக்கத்திலேயே நீள வீடுகளுக்கு மாற்றினார்கள். இன்று மலைச்சைக்கிள் வேர்மேல் குதித்துப் போகிற மண்ணில் நேற்று வாளி தூக்கி நடந்தவர்கள் நம்மவர்கள். நான் அங்கே ஓட்டும்போதெல்லாம் பாதையோரம் பழைய வெட்டுக் கோடு உள்ள மரம் தென்படுகிறதா என்று தேடுவேன்.

நம் ஊரில் தோட்டம் என்பது தனியார் நிலம். கேட்டில் காவல் நிற்கும் ஜாகாவிடம் சிரித்துவிட்டு நுழைந்துவிடலாம் என்று நினைக்காமல், அலுவலகத்தில் போய் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதி, எந்தப் பிரிவில் நுழைகிறோம், எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்று நோட்டில் எழுதிவிட்டுப் போகிறோம். வேலை நாளில் அனுமதி கிடைத்தாலும் குலை வெட்டும் நிரைக்குள் போகாதீர்கள். மேலே நீளக் கம்பில் அரிவாளை வைத்து இழுக்கிறவருக்குக் கீழே நீங்கள் வருவது தெரியாது. ஒரு குலை இருபது கிலோ வரும். எந்த ஹெல்மெட்டும் அதற்குச் செய்ததில்லை.

இன்னொன்று, தண்ணீர்ப் பாட்டில். செம்பனைக்குள் எலி அதிகம்; அதைப் பிடிக்கத்தான் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள். மழைத் தண்ணீரிலும் சேற்றிலும் எலி மூத்திரம் கலந்திருக்கும், கென்சிங் திக்குஸ் எனும் எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. முன் சக்கரம் தெறிக்கிற சேறு நேராகக் கீழ்த்தண்டிலிருக்கும் பாட்டில் வாயில்தான் விழும். மூடி போட்ட பாட்டிலோ முதுகுப் பையோ வைத்துக்கொள்ளுங்கள், ஃபோர்க்கில் ஒரு பிளாஸ்டிக் மட்கார்டு கட்டுங்கள், காலில் சிராய்ப்பு இருந்தால் சேற்றில் இறங்கும் முன் மூடிக் கட்டிவிடுங்கள். ஓட்டிவிட்டு வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கிளினிக்கில் டாக்டரிடம் செம்பனைக் காட்டில் சேற்றில் ஓட்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.